தோன்றா எழுவாய்

2016 அக்டோபர் இறுதியில் தமிழ்நாட்டில் ஒரு கைரேகை பேசுபொருளானது. தஞ்சாவூர், அரவக்குறிச்சி, திருப்பரங்குன்றம் தொகுதிகளுக்கான அதிமுக வேட்பாளர் படிவங்களில், கட்சியின் பொதுச்செயலாளர் ஜெயலலிதாவின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய இடது பெருவிரல் ரேகை இருந்தது. கூடவே அரசு மருத்துவர் ஒருவரின் சான்று. அவருக்கு அண்மையில் டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டிருக்கிறது, வலது கையில் வீக்கம் இருக்கிறது, தற்காலிகமாகக் கையெழுத்திட இயலவில்லை, என் முன்னிலையில் அவராகவே ரேகை வைத்தார் என்பது அதன் சாரம்.

அந்த நேரத்தில் அவருக்கு நினைவு இருந்ததா என்பதையே ஊர் விவாதித்தது. விவாதம் நீதிமன்றம் வரை போயிற்று. 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பரங்குன்றத்தில் நடந்த தேர்தல் செல்லாது என்றது. என்னைத் துளைத்த கேள்வி வேறு. அகப்பாடல் நடத்தும்போது மாணவிகளிடம் முதலில் கேட்கும் கேள்விதான் அது: இது யார் கூற்று? படிவத்தில் பேசுவது மருத்துவர். அவருக்கு முன்னும் பின்னும் பேசியவர்கள் கட்சிக்காரர்கள், மருத்துவமனை நிர்வாகிகள், வழக்கறிஞர்கள். தொண்டையில் குழாயோடு இருக்கும் ஒருவரைச் செவிலியர் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட விட முடியாது. அடைத்த சளியை எடுத்தது யார், அசைந்த உதட்டைப் படித்தது யார், பேச முடியாதவரின் கண்ணைப் பார்த்து வலியா தாகமா என்று கண்டுகொண்டது யார்? அவர்களுடைய கூற்று எந்தத் தாளிலும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த இல்லாத கூற்றைப் பற்றியது.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் முறையைச் சொல்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தாகிறது. உயிரெழுத்து பன்னிரண்டும் மிடற்றில் பிறக்கும் காற்றால் ஒலிப்பவை. பல வருடங்களாக இதைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். குழாய் வைத்த ஒரு தொண்டையை அருகிலிருந்து பார்த்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

டிரக்கியாஸ்டமிக் குழாய் பொருத்தப்படுவது குரல்வளைக்குக் கீழே. குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூன் ஊதப்பட்டிருக்கும்போது காற்று மேலே ஏறாது. கழுத்திலிருக்கும் துளை வழியாக வந்து அதே வழியில் போய்விடும். நாக்கு அண்ணத்தைத் தொடும், உதடு குவியும், விரியும். மெய்யெழுத்துக்கு வேண்டிய அசைவெல்லாம் நடக்கும். அதற்கு உயிர் கொடுக்கும் காற்று மட்டும் மிடற்றுக்கு வந்து சேராது. மேடைப் பேச்சால் ஆட்சியைப் பிடித்த மாநிலம் இது. அதன் இரண்டு பெரும் குரல்களும் கடைசியில் இந்தக் குழாயிடம் வந்து நின்றன. ஜெயலலிதாவுக்கு 2016 அக்டோபர் 7 அன்று டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கருணாநிதிக்கும் செய்யப்பட்டது. ‘உடன்பிறப்பே’ என்ற ஒரே விளியில் மைதானத்தை அசைத்தவர், 2018 ஆகஸ்ட் 7 அன்று மறையும்வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொண்டைக் குழாயோடு இருந்தார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜூலை 18 அன்று, குழாயை மாற்றுவதற்காக மருத்துவமனைக்குப் போய்வந்தது செய்தியாயிற்று. அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான நாட்களில் அந்தக் குழாயைச் சுத்தமாக வைத்திருந்த கைகள் செய்தியாகவில்லை.

ஜெயலலிதாவின் மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையம் 2017-இல் அமைக்கப்பட்டு 2022-இல் அறிக்கை தந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள், செவிலியர் உட்பட. சட்டத்துக்குத் தேவைப்பட்ட அளவுக்கு அவர்கள் பேசினார்கள். அவர் இறந்தபின் நாளிதழ்களிலும் செவிலியரின் நினைவுகள் சில துணுக்குகளாக வந்தன. ஒரு பெண் முதல்வரின் கடைசி வாரங்களின் மொழியை அறிந்திருந்த பெண்களின் அறிவு, நம் பொதுவெளியில் சாட்சியமாகவும் துணுக்காகவும்தான் இடம்பெற்றது. அறிவு என்று யாரும் அதை எண்ணவில்லை.

இதற்கு நம் இலக்கணத்தில் பழைய விதி ஒன்று உண்டு. அகப்பாடலில் யார் பேசலாம் என்பதைத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. தலைவி, தோழி, செவிலி, நற்றாய், தலைவன், பாங்கன், பாணன், கண்டோர் என்று பலருக்குக் கூற்று உண்டு. செய்யுளியலில் ஒரு நூற்பா, கூற்று இல்லாதவர்களையும் பட்டியலிடுகிறது. ஊரார், அயலார், சேரியோர், நோய்மருங்கறிநர், தந்தை, தமையன்மார். இவர்கள் நேரடியாகப் பேசமாட்டார்கள். இவர்கள் சொன்னதாக வேறொருவர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே.

நோய்மருங்கறிநர் என்றால் நோயின் பக்கம் அறிந்தவர்கள். அந்த நூற்பாவில் நோய் என்பது காமநோய். சேரி என்பதும் அன்று ஊரின் ஒரு பகுதியைக் குறித்த சொல், இன்றைய சாதிப் பொருளில் வந்ததல்ல. அதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன்: நோயை அருகிலிருந்து அறிந்தவருக்குக் கூற்று இல்லை என்ற வாக்கியத்தைப் படித்தபோது, திண்டிவனத்தில் ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் கட்டிலுக்கும் சக்‌ஷன் மிஷினுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்த என் அக்காதான் நினைவுக்கு வந்தாள். செவிலிக்கு இலக்கணம் கூற்றுத் தந்தது. நாம் அந்தச் சொல்லை எடுத்து மருத்துவமனைப் பெண்ணுக்குச் சூட்டினோம், அதோடு வந்த கூற்றை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம். வீட்டில் அந்த வேலையைச் செய்பவளுக்கோ அந்தச் சொல்லும் இல்லை. அவள் ‘அட்டெண்டர்’.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு, இந்தக் குழாய் ஏன் நம் ஊர்ப் பக்கத்துக் கதை என்று விளக்க வேண்டியதில்லை. சாலையைக் குறுக்கே கடக்கும் இருசக்கர வண்டிகள், தலையில் அடி, ஆம்புலன்ஸ். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதே சாலையில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஜிப்மருக்கோ சென்னைக்கோ போகிறவர்களும் உண்டு. வெண்டிலேட்டரில் நாட்கள் நீளும்போது வாய்வழிக் குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் துளையிடுகிறார்கள். பூச்சிமருந்து குடித்தவர்கள், வயலில் பாம்பு கடித்தவர்கள் சிலருக்கும் இதுவே நேர்கிறது. பிழைத்தவர்களில் சிலர் குழாயோடு வீடு திரும்புகிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பெண்ணின் இரவு மாறிவிடுகிறது.

அக்கா வீட்டுக்காரருக்கு விபத்து நடந்து, மூன்று வாரம் ஐசியூவில் இருந்து, பிறகு வார்டில் இருந்து, கழுத்தில் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் பேசியது மாமாவின் தம்பியிடம். அக்கா நான்கடி தள்ளி, துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். செய்யப்போகிறவள் அவள். கேட்டுக்கொண்டவர் அவர். வார்டில் இரவுப் பணியிலிருந்த சிஸ்டர் ஒருவர் முந்தைய மூன்று நாட்களாக அவளை அருகே நிறுத்திக் கற்றுக்கொடுத்திருந்ததால் பிழைத்தோம். ஒரு நோய்மருங்கறிநர் இன்னொருவருக்குச் சொன்ன அந்தப் பாடம் எந்தக் கோப்பிலும் இல்லை.

அக்கா பத்தாம் வகுப்பு. அவள் கற்றுக்கொண்டது இவ்வளவு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உறிஞ்சு குழலை உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது. வெளியே எடுக்கும்போதுதான் பக்கத்திலுள்ள துளையைப் பெருவிரலால் மூடிச் சுழற்றிக்கொண்டே இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு 10, 15 விநாடிக்கு மேல் போகக் கூடாது, அந்த நேரம் அவருக்கு மூச்சு இல்லை. உள்குழாயை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். கழுத்துப் பட்டி ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். மூக்கு வழியாகப் போகாத காற்று ஈரமில்லாமல் போவதால் சளி கெட்டிப்படும், அதனால் துளையின் முன் ஈரக் காஸ் வேண்டும். அதே அளவில் ஒன்று, அதைவிடச் சிறியது ஒன்று என்று மாற்றுக் குழாய்கள் இரண்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் மிஷின் நிற்கும், அதற்காகக் காலால் மிதிக்கும் உறிஞ்சி ஒன்று. இதெல்லாம் போக, தூக்கத்திலும் கேட்க வேண்டும். மூச்சு எப்போது கொழகொழவென்று மாறுகிறது, எப்போது விசில் போல் வருகிறது என்று.

இதை அன்பு என்கிறோம், கடமை என்கிறோம், பெண்மை என்கிறோம். திறன் என்று சொல்ல மட்டும் நமக்கு வாய் வருவதில்லை.

அவளுடைய இன்னொரு திறன்தான் என் துறையைச் சேர்ந்தது. பிறப்பியலின்படி பகரமும் மகரமும் இரண்டு இதழும் இயையப் பிறப்பவை. குரல் இல்லாமல் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். குழாய் வைத்தவர் ‘அப்பா’ என்றாரா ‘அம்மா’ என்றாரா என்று உதட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ககரம் அடிநாவில் பிறப்பது, வெளியே தெரியவே தெரியாது. சனிக்கிழமை இரவுகளில் அக்காவைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருப்பேன். ஓர் இரவு மாமா எதையோ கேட்டார். உதடு கூடிப் பிரிந்து குவிந்தது. “மோர் கேக்குறாரு போல” என்றேன். மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாமே என்று எழுந்தேன். அக்கா படுத்தபடியே பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மோர் இல்லடி. போதும்னு சொல்றாரு. கடைசியில உதடு ஒட்டுது பாரு.”

முனைவர் பட்டம் பெற்ற நான் தவறாகப் படித்தேன். அவள் சரியாகப் படித்தாள். உறிஞ்சும்போது அவர் அந்தச் சொல்லைச் சொல்வதுண்டு, வலி தாங்காமல். அப்போது நான் உறிஞ்சிக்கொண்டிருக்கவில்லை. மறுநாள் மாமாவின் தம்பி வந்தார். மாமாவின் உதடு மறுபடி அப்படியே அசைந்தது. “அண்ணன் என்ன சொல்றாரு அண்ணி?” என்றார். “தண்ணி கேக்குறாரு” என்றாள் அக்கா.

அதைப் பற்றி அவளிடம் நான் வெகுநாள் பேசவில்லை. மறைத்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பவருக்கு இருக்கும் அதிகாரம் அவளுக்கும் இருந்தது. நோயாளியின் சொல்லை மாற்றும் அதிகாரம் சிறியதல்ல. படுக்கையில் இருப்பவள் பெண்ணாகவும் உதட்டைப் படிப்பவர் அவள் சொத்துக்கு வாரிசாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் அவள் அந்தச் சொல்லை யாரிடம் கொண்டுபோயிருக்க முடியும்? எந்த டாக்டரும் அவளிடம் “அவர் என்ன சொல்கிறார்?” என்று கேட்டதில்லை. கேட்காத இடத்தில் ஒரு கணவனின் ‘போதும்’ என்ற சொல்லை வெளியே எடுத்தால், அது மனைவியின் ‘போதும்’ என்றே கேட்கப்படும். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

ஏன் அப்படிக் கேட்கப்படும்? நோயுற்ற கணவனைக் கவனிப்பதை நம் பண்பாடு கற்பின் தேர்வாகவே வைத்திருக்கிறது. தொழுநோயாளிக் கணவனைக் கூடையில் சுமந்த நளாயினி கதையைக் கேட்காத வீடு இல்லை. அவள் தோள் வலித்ததா என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. நவீனக் கதையும் இதிலிருந்து வெகுதூரம் வரவில்லை. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962-இல் வந்தது. ஏறக்குறைய முழுப்படமும் மருத்துவமனையிலேயே நடக்கிறது. நோயாளியின் மனைவி சீதா. மருத்துவர் அவளுடைய பழைய காதலர். நான் இறந்தால் இவளை நீங்கள் மணந்துகொள்ள வேண்டும் என்று கணவன் மருத்துவரிடம் கேட்கிறான். கடைசியில் நோயாளியைக் காப்பாற்றிவிட்டு மருத்துவர் இறந்துபோகிறார், நினைவில் நிலைக்கிறார். இரண்டு ஆண்களின் பெருந்தன்மைக்கு நடுவில் சீதா உறுதியாக நிற்கிறாள், அழுகிறாள். அவளுடைய இரவுகள் படத்தில் உழைப்பாக வருவதில்லை, மனத்தூய்மைக்குச் சான்றாகவே வருகின்றன. தேர்வு எழுதுகிறவளிடம் களைப்பாக இருக்கிறதா என்று யார் கேட்பார்கள்? மனைவி நோயுற்றால் கணவனுக்கு இப்படி ஒரு தேர்வு வைப்பதில்லை. அவளுடைய அம்மாவோ தங்கையோ ஊரிலிருந்து பேருந்து ஏறுவார்கள்.

2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். வீட்டாரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடும் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். இந்த எண்களை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள், அவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. நான் சேர்த்துச் சொல்வது ஒன்றுதான். நேரத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் எந்தக் கணக்கிலும், தூங்கிக்கொண்டே இன்னொருவரின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதற்குக் கட்டம் கிடையாது. அது தூக்கம் என்றே பதிவாகும்.

காசுள்ள வீடுகளில் அந்தத் தூக்கத்தை விலைக்கு வாங்குகிறார்கள். சளியும் எச்சிலும் கலந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் சாதி தெளிவாக இருக்கிறது. சளி பிடிக்கும் புட்டியைக் கழுவ ஒரு பெண், கஞ்சி காய்ச்ச இன்னொரு பெண் என்று பிரித்து வைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். முதல் பெண் அடுப்படிக்குள் வரக்கூடாது. நோயாளியின் உயிர் அவளுடைய விரலில் இருக்கிறது, அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்க முடியாது. பராமரிப்பு உழைப்பைப் பற்றிப் பேசும் நாம் ‘பெண்கள்’ என்று பொதுவாகச் சொல்லி இந்தப் பிரிவினையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. கூற்று மறுக்கப்படுவதிலும் படிநிலை உண்டு.

கவனிப்பவரின் கூற்று சட்டத்தின் முன் மதிக்கப்பட்ட ஒரு வழக்கு இந்தியாவில் உண்டு. மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அதே மருத்துவமனை ஊழியன் ஒருவனால் பாலியல் தாக்குதலுக்கு உள்ளாகி, கழுத்து நெரிக்கப்பட்டு, மூளை சிதைந்து, 2015 மே 18 அன்று இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். அவரைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்தவர்கள் அந்த மருத்துவமனைச் செவிலியர். கருணைக்கொலை கோரும் மனு வந்தபோது, 2011 மார்ச் 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசும் உரிமை மனு போட்ட எழுத்தாளர் பிங்கி விரானிக்கு அல்ல, இரவும் பகலும் கவனித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. அவர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள். அந்த முடிவோடு ஒத்துப்போகாதவர்கள் நம்மிலும் உண்டு. கவனிப்பவள் சொல்வதெல்லாம் சரி என்பது என் வாதமும் அல்ல. நோயின் பக்கம் அறிந்தவர்களை ஒரு நீதிமன்றம் திரும்பிப் பார்த்துக் கேட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். எல்லா வார்டிலும் எல்லா வீட்டிலும் அது நடக்க வேண்டும்.

நடைமுறையில் அது பெரிய விஷயம் இல்லை. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் அந்த வீட்டில் யார் செய்யப்போகிறார்களோ அவரிடம் பேச வேண்டும். அவர் செய்து காட்டிய பிறகே அனுப்ப வேண்டும். கற்றுக்கொடுத்த செவிலியரின் பெயரும் கற்றுக்கொண்டவரின் பெயரும் கோப்பில் ஏற வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். வலிநிவாரணச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. வருகிறவர் நோயாளியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவளிடமும் “நீ எத்தனை மணி நேரம் தூங்கின?” என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரு இரவு விடுப்புக்கு ஆள் தரலாம். கூற்று என்பது அங்கிருந்து தொடங்கும்.

மாமாவுக்குப் பதினொரு மாதத்தில் குழாயை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு, பலூன் இல்லாத குழாயாக மாற்றிய நாட்களில், குழாயின் வாயை ஒரு கணம் விரலால் மூடினால் காற்று மேலேறிக் குரல் வரும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். அக்கா விரலை வைத்தாள். அவர் சொன்ன முதல் வாக்கியம், “ஃபேன கொஞ்சம் கொற.” அவள் சிரித்துக்கொண்டே விரலை எடுத்துவிட்டாள், குரல் நின்றுபோயிற்று.

இப்போது அவர் கல்யாண வீடுகளில் தன் கதையைச் சொல்கிறார். “கடவுளும் டாக்டரும்தான் காப்பாத்துனாங்க” என்கிறார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்த கதைவடிவம் அது. ‘போதும்’ என்று சொன்னது அவருக்கு நினைவில் இல்லை. “ஞாபகம் இல்லாததும் நல்லதுக்குத்தான்” என்றாள் அக்கா.

அவளிடம் நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று இருக்கிறது. வார்டு சிஸ்டர் எழுதச் சொன்னது. நேரம், சளியின் நிறம், குழாய் கழுவியது. ‘12.10 வெள்ள’, ‘2.40 மஞ்ச, கெட்டி’, ‘4 மணி லேசா ரத்தம்’ என்று போகிறது. நான் அதை ஒரு பிரதியாகவே வாசித்தேன். ‘நான்’ என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. மோர் என்று நான் தவறாகப் படித்த இரவின் பக்கத்தில் கடைசி வரியாக ஒரே சொல் இருக்கிறது: ‘தூங்கல’.

தமிழில் அந்த வினை யாருக்கும் பொருந்தும். அவர், அவள், நான் என்று எதைப் போட்டாலும் வடிவம் மாறாது. எழுவாய் மறைந்து நிற்பதைத் தோன்றா எழுவாய் என்போம். மறைந்து நிற்பதால் அது இல்லை என்று ஆகாது, வாக்கியத்திலிருந்து அதைக் கண்டெடுப்பது வாசிப்பவரின் வேலை என்று மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறேன். அந்த வரியைக் காட்டி அக்காவிடம் கேட்டேன், “யாரு தூங்கல?”

“யாருன்னு தெரியல. ரெண்டு பேரும்தான்” என்றாள்.